கோச்சியைத் தள்ளுவது யார்?

(கண்டியில் உயர்தர மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் ஹந்தானை மலைச்சரிவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா என்னை முதன்முதலாகக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். திரும்பி வரும் வழியில் ரம்புக்கனையில் கோச்சி நெடுநேரம் நின்றது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் மெல்ல வந்து பொருந்திக்கொண்டது.

"முன்னால ஒன்னு இழுக்குதே, பின்னால இன்னொன்னு எதுக்குப்பா?"

"மலை ஏறணும்ல. அது பின்னாலருந்து தள்ளும்."

"அப்போ அந்த எஞ்சின யாருப்பா தள்ளுவா?"

அப்பா என் தலையைத் தடவிச் சிரித்தார். அவரிடம் விடை இல்லை. எனக்கு அது விளங்கப் பத்து வருடம் சென்றது. இன்று நான் பேசப்போவது முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கடுகண்ணாவை ஏற்றம்

இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது 1864 டிசம்பரில். பாதை கண்டியை எட்டியது 1867இல். மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அந்தப் பாதை போடப்பட்டது. அதே 1867இல்தான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். கோப்பிக்காகப் போட்ட பாதை பிறகு தேயிலையைச் சுமந்தது. காட்டையும் பாறையையும் வெட்டி அதைப் போட்ட தொழிலாளர்களில் பலர் மலேரியாவுக்குப் பலியானார்கள். அவர்களை நினைக்காமல் அந்தப் பாதையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

ரம்புக்கனையிலிருந்து கடிகமுவ, கங்கொட, இஹல கோட்டே, பலன என்று ஒவ்வொரு நிலையமாக ஏறி, ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் கடுகண்ணாவையை அடைகிறோம். அதற்குள் நானூறு மீற்றருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். சாய்வு 45க்கு 1. அதாவது 45 மீற்றர் போனால் ஒரு மீற்றர் ஏற்றம். நடந்து போகிற ஒருவருக்கு இது காலில் உறைக்கவே உறைக்காது. உருக்குச் சில்லு வைத்த வண்டிக்கோ இது பெரிய மலை.

இனி கேள்விக்கு வருவோம். 1687இல் வெளிவந்த தம் பெருநூலில் ஐசாக் நியூற்றன் மூன்று இயக்க விதிகளைத் தந்தார். மூன்றாவது விதியை நீங்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள்: ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு. அப்படியானால், எஞ்சின் பெட்டிகளை எவ்வளவு விசையுடன் முன்னே இழுக்கிறதோ அவ்வளவு விசையுடன் பெட்டிகளும் எஞ்சினைப் பின்னே இழுக்கின்றன. இழுப்பும் சமன், எதிரிழுப்பும் சமன். பிறகு கோச்சி எப்படி நகர்கிறது?

இதைக் கேட்காத மாணவர் விதியைப் படிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சொல் செய்யும் குழப்பம்

குழப்பத்தில் பாதி சொற்களால் வருகிறது. தாக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவர் முதலில் அடிக்கிறார், மற்றவர் பிறகு திருப்பி அடிக்கிறார் என்ற படம் மனதில் எழுகிறது. தமிழ்நாட்டில் வினை, எதிர்வினை என்றும் சொல்வார்கள். அங்கேயும் இதே முன் பின் வந்துவிடுகிறது. மேடைப் பேச்சாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பழமொழியைச் சொல்லி, இதைத்தான் நியூற்றனும் சொன்னார் என்று முடித்துவிடுகிறார்கள். பழமொழி நல்ல அறம். ஆனால் இயற்பியல் அது இல்லை. அங்கே விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் ஒரு பருவம் கழிகிறது. நியூற்றனின் விதியிலோ இரண்டு விசைகளும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் மறைகின்றன. எதைத் தாக்கம் என்பது, எதை மறுதாக்கம் என்பது என்பது நம் விருப்பம். பெயரை மாற்றி வைத்தாலும் கணக்கு மாறாது.

பழமொழி வேண்டுமானால் இதற்குப் பொருத்தமான ஒன்று நம்மிடமே இருக்கிறது: இரண்டு கை தட்டினால்தான் ஓசை. வலது கையில் படுகிற அடியும் இடது கையில் படுகிற அடியும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முனைகள். ஒரு கை மட்டும் தனியாக விசையைத் தரவும் முடியாது, வாங்கவும் முடியாது. விசை எப்போதும் இரண்டு பொருள்களுக்கு இடையே நடப்பது. அதனால் ஒரு பொருளின் மீது விசை இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: எந்தப் பொருளால்?

குழப்பத்தின் மறுபாதி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். சோடியின் ஒரு விசை ஒரு பொருளின் மீது, மற்ற விசை மற்றப் பொருளின் மீது. உங்கள் கணக்கில் வரவு, என் கணக்கில் செலவு. இரண்டும் ஒரே தொகைதான். அதற்காக உங்கள் வரவை என் செலவோடு கழித்து, உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பொருள் நகருமா, நிற்குமா என்று அறிய, அந்தப் பொருளின் மீது வந்து விழும் விசைகளை மட்டும் கூட்ட வேண்டும். அது பிறர் மீது செலுத்தும் விசைகளுக்கு அந்தக் கூட்டலில் இடமில்லை.

தண்டவாளம் தள்ளுகிறது

எண்களை வைத்துப் பார்ப்போம். 80 தொன் எஞ்சின் ஒன்று, 300 தொன் பெட்டிகள். கடுகண்ணாவை ஏற்றத்தில் சீரான வேகத்தில் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சாய்வு 45க்கு 1 என்பதால், பெட்டிகளின் நிறையில் 45இல் ஒரு பங்கு அவற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறது. 300ஐ 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆறே முக்கால் தொன். அவை வழுக்காமல் ஏற, எஞ்சின் அதே அளவு மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூன்றாம் விதிப்படி பெட்டிகளும் எஞ்சினை அதே ஆறே முக்கால் தொன் அளவு கீழ்நோக்கி இழுக்கின்றன. எஞ்சினின் சொந்த நிறையும் அதை ஏறத்தாழ ஒன்றே முக்கால் தொன் அளவு கீழே இழுக்கிறது. ஆக எஞ்சினைப் பின்னே இழுப்பது மொத்தம் எட்டரைத் தொன்.

அந்த எட்டரைத் தொன்னுக்கு ஈடாக அதை முன்னே தள்ளுவது யார்? டீசல் இல்லை. மோட்டாரும் இல்லை. அவை எஞ்சினுக்குள்ளேயே இருப்பவை. எஞ்சினின் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பைத் தள்ளலாம், மொத்த எஞ்சினைத் தள்ள முடியாது. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு முன் ஆசனத்தைத் தள்ளினால் வண்டி நகருமா? மோட்டார் செய்வது சில்லைச் சுழற்றுவது. சுழலும் சில்லு தண்டவாளத்தைப் பின்னே தள்ளுகிறது. தண்டவாளம் சில்லை முன்னே தள்ளுகிறது. என் அப்பாவிடம் நான் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். கோச்சியைத் தள்ளுவது தண்டவாளம். தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது சிலிப்பர் கட்டைகளும் கருங்கல் சல்லியும். அவற்றை ஏந்தியிருப்பது மலை. மலையே தள்ளித்தான் நாம் மலையேறுகிறோம்.

இந்தத் தள்ளுக்கு ஓர் எல்லை உண்டு. அதுதான் உராய்வு. காய்ந்த உருக்கின் மேல் உருக்குக்கு உராய்வுக் குணகத்தை 0.25 என்று கொள்வோம். எஞ்சினின் எல்லாச் சில்லுகளும் மோட்டாரால் சுழல்பவை என்றால் தண்டவாளத்தால் 20 தொன் வரை தள்ள முடியும். தேவை எட்டரைதான். கவலை இல்லை. இப்போது பலனவில் மழை பிடிக்கிறது. தண்டவாளத்தின் மேல் இலைகள் நசுங்கி எண்ணெய் போலப் படிந்திருக்கின்றன. குணகம் 0.1க்கு இறங்கிவிட்டது. இனி தண்டவாளத்தால் தள்ளக்கூடியது அதிகபட்சம் 8 தொன். தேவை எட்டரை. எஞ்சினும் டீசலும் அவைதான், சாரதியும் அவர்தான். ஆனால் சில்லு நின்ற இடத்தில் உறுமிச் சுழல்கிறது, வண்டி ஏறவில்லை. மறுதாக்கம் குறைந்துவிட்டது, அதனால் தாக்கமும் குறைந்துவிட்டது. ஏந்திக்கொள்ளாத ஒன்றை எவராலும் பலமாகத் தள்ள முடியாது.

அதனால்தான் எஞ்சின்களில் மணற்பெட்டி வைத்திருக்கிறார்கள். சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் விழும், பிடி கிடைக்கும். அதனால்தான் ரம்புக்கனையில் பின்னாலும் ஓர் எஞ்சினைச் சேர்த்தார்கள். இன்னும் 80 தொன் நிறை தண்டவாளத்தை அழுத்தினால், தண்டவாளமும் அதற்கேற்பக் கூடுதலாகத் தள்ளும்.

மேசையும் புத்தகமும்

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேசை மேல் இருக்கும் புத்தகத்தைக் காட்டி, புத்தகத்தின் நிறை தாக்கம், மேசை புத்தகத்தை மேலே தள்ளும் செவ்வன் மறுதாக்கம் அதன் மறுதாக்கம் என்று பலரும் கற்பிக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் கற்பித்தேன். அது பிழை. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மீது, புத்தகத்தின் மீது, செயற்படுகின்றன. மூன்றாம் விதியின் சோடி ஒரே பொருளின் மீது ஒருபோதும் இருக்காது. புத்தகத்தைப் பூமி கீழே இழுக்கிறது என்றால், அதன் சோடி புத்தகம் பூமியை மேலே இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது என்றால், அதன் சோடி புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. இவை இரண்டு தனித்தனிச் சோடிகள்.

இதற்கான சான்றும் கடுகண்ணாவையிலேயே இருக்கிறது. உண்மையான சோடி என்றால் எந்த நிலையிலும் சமனாகவே இருக்க வேண்டும். நாம் பார்த்த 380 தொன் வண்டியை அந்தச் சாய்வில் வைத்தால், தண்டவாளம் தரும் செவ்வன் மறுதாக்கம் வண்டியின் நிறையைவிட ஏறத்தாழ 94 கிலோகிராம் குறைவு. ஒரு பருத்த மனிதரின் நிறை அளவுக்கு வித்தியாசம். சமதரையில் அவை சமனாகத் தெரிந்தது தரை சமமாக இருந்ததால் மட்டும்தான். சாய்வு கூடக் கூட வித்தியாசமும் கூடும்.

புத்தகம் பூமியை இழுக்கிறது என்றதும் சிலர் முகத்தில் ஐயம் தெரிகிறது. 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் நின்ற இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குதிக்கிறார். பூமியும் அவரிடமிருந்து விலகுகிறது. எவ்வளவு தூரம்? ஒரு புரோத்தனின் அகலத்தைவிட முப்பது கோடி மடங்குக்கும் மேல் சிறிய தூரம். அளக்க முடியாது. ஆனால் விசை சமன்தான். திணிவு மாறுபடுவதால் ஆர்முடுகல் மாறுபடுகிறது.

இதே உண்மையைக் கொண்டு வானியலாளர்கள் பெரிய கண்டுபிடிப்பொன்றைச் செய்தார்கள். விண்மீன் கோளை இழுத்தால் கோளும் விண்மீனை இழுத்தாக வேண்டும். விண்மீன் சிறிதே ஆட வேண்டும். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் பெகாசஸ் விண்மீன் குழுவில் 51ஆம் எண் விண்மீனின் அந்தச் சிறு ஆட்டத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதைச் சுற்றுகிறது என்று கண்டார்கள். 2019இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கேயும் அவர்கள் கேட்டது நம் கேள்விதான்: இதை இழுக்கும் அந்த மற்றப் பொருள் எது?

வீதியிலும் மலைச்சரிவிலும்

இனி நம் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயத்துக்கு வருகிறேன். 10,000 கிலோகிராம் பஸ்ஸும் 500 கிலோகிராம் ஓட்டோவும் மோதினால் எது எதைக் கூடுதலாக அடிக்கும்? வகுப்பில் கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் பஸ் என்பார்கள். இல்லை, இரண்டும் சமனாகவே அடிக்கின்றன. ஆனால் ஓட்டோவின் திணிவு இருபதில் ஒன்று. பஸ்ஸின் வேகம் மணிக்கு 2 கிலோமீற்றர் மாறும் நேரத்தில் ஓட்டோவின் வேகம் 40 கிலோமீற்றர் மாறிவிடுகிறது. பஸ்ஸில் இருப்பவர் ஒரு குலுக்கலை உணர்கிறார். ஓட்டோவில் இருப்பவர் வீட்டுக்குத் திரும்புவதில்லை. கணவாய் வளைவில் முந்த நினைக்கும் பெரிய வண்டிச் சாரதி ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கையில் இருப்பது சமனான விசை, சமனில்லாத விளைவு.

அடுத்து மலை. மலைச்சரிவில் மண் ஏன் நிற்கிறது? ஒவ்வொரு மண்துகளும் கீழே உள்ள துகளை அழுத்துகிறது, கீழே உள்ளது திருப்பி அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலிருந்து உராய்வு பிறக்கிறது. உராய்வு மண்ணைப் பிடித்திருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்து, வடிய வழியில்லாமல் நீர் உள்ளே தேங்கினால், துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றைப் பிரித்துத் தள்ளுகிறது. துகள் துகளை அழுத்துவது குறைகிறது, உராய்வு குறைகிறது. மலை அப்படியே இருக்கிறது, சாய்வும் மாறவில்லை. நனைந்த தண்டவாளத்தில் எஞ்சினுக்கு நேர்ந்ததே மலைக்கும் நேர்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நம் மக்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. கடுகண்ணாவையிலிருந்து அரநாயக்க தொலைவில் இல்லை.

தோட்டத்தில் கான் வெட்டுவது ஒரு வேலை. மழைநீர் ஓடிப்போக மலையில் குறுக்கே வெட்டும் வாய்க்கால். அதை வெட்டியவர்கள் மூன்றாம் விதியைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் நீரை வடியவிட்டால் மண் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். அடைபட்டுக் கிடக்கும் கான் எதுவானாலும் அது அந்த மலைக்குக் கீழே உறங்குகிறவர்களின் உயிர்ப் பிரச்சினை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் தயங்காமல் வெளியேறுங்கள். நீர் புகுந்த மலைக்கு நம்மை ஏந்தும் பலம் குறைந்துவிட்டது என்பதே அந்த எச்சரிக்கையின் பொருள்.

எலியேசரின் இலத்திரன்

முடிப்பதற்கு முன் நம் நாட்டுத் தமிழர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், 1918இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் போல் டிராக்கிடம் பயின்றவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து 2001இல் மறைந்தார். மூன்றாம் விதி தடுமாறுகிற இடத்தில்தான் அவர் தம் ஆய்வைத் தொடங்கினார்.

மின்னேற்றம் கொண்ட இலத்திரன் ஆர்முடுகும்போது ஒளி வீசுகிறது. ஒளிக்கும் உந்தம் உண்டு. உந்தத்தை வெளியே அனுப்பினால் இலத்திரன் பின்னோக்கித் தள்ளப்பட வேண்டும். ஆனால் பக்கத்தில் மற்றப் பொருள் எதுவும் இல்லையே! யார் தள்ளுவது? 1938இல் டிராக் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. யாரும் தொடாமலே இலத்திரன் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு மேலும் மேலும் விரைந்து ஓடலாம் என்றும் அந்தச் சமன்பாடு சொன்னது. 1943இல் எலியேசர் அதை ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரன் அதில் மோதாமல் பாதியில் திரும்பி ஓடிவிடும் என்று நிறுவினார். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்போது இப்படி நடக்குமா? சமன்பாட்டில்தான் குறை என்று கண்டு, 1948இல் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். இன்றும் அது அவர் பெயரோடு சேர்த்தே அறியப்படுகிறது. 2018இல் வலிமை மிக்க லேசர் ஒளியோடு இலத்திரன்களை மோதவிட்ட பரிசோதனைகளில், ஒளி வீசியதால் இலத்திரன்கள் சக்தி இழந்தது அளந்து காணப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது இது. மற்றப் பொருள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. இலத்திரனைச் சூழ்ந்த மின்காந்தப் புலமே இங்கே மறுபக்கம். புலமும் உந்தத்தைச் சுமக்கிறது. புலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மொத்த உந்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நியூற்றனின் மூன்றாம் விதிக்கு அடியில் கிடக்கும் பாறை இந்த உந்தக் காப்புதான். தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் பொருள் உலகில் இல்லை. எலியேசர் தம் ஆசிரியரின் சமன்பாட்டையே கேள்வி கேட்டார். மாணவர்களே, அந்தத் துணிவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கால்

என் அம்மா கொழுந்து பறித்தவர். கூடைக் கயிறு தலையில், கூடை முதுகில், இடுப்பில் படங்கு. மழைநாளில் மலை ஏறும்போது நான் வழுக்கி வழுக்கி விழுவேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சொல்வார்: "ஓடாத சாமி. காலை அழுத்தி வை, மண்ணு பிடிச்சிக்கிட்டதும் அடுத்த காலை எடு."

நிறைந்த கூடையோடு அம்மா ஒவ்வொரு முறையும் அப்படித்தான் ஏறினார். அவர் மண்ணைப் பின்னே தள்ளினார், மண் அவரை முன்னே தள்ளியது. அப்பாவிடம் கேட்டு விடை கிடைக்காத கேள்விக்கு அம்மாவின் கால் தினமும் விடை சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்கக் கண் இல்லாமல் போயிற்று.

இன்று வீட்டுக்குத் திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நிமிடம் நின்று, வண்டி புறப்படும் கணத்தில் சில்லும் தண்டவாளமும் தொடும் அந்தச் சிறு இடத்தைப் பாருங்கள். ஒரு விரல் நகத்தின் அளவுதான் இருக்கும். கோச்சி முழுவதும் அங்கேதான் தள்ளப்படுகிறது.